349 ரூபாய்க்கு நாலு படம்: மாத சினிமா பாஸ் எடுக்கலாமா?

புனேயிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "ஹிஞ்சேவாடியில் ஐடி வேலை, சொந்த ஊர் திருநெல்வேலி. நானும் மனைவியும் மாதம் இரண்டு மூன்று படம் தியேட்டரில் பார்ப்போம், பெரும்பாலும் சனிக்கிழமை ராத்திரி. ஒரு டிக்கெட்டுக்கே 350 ரூபாய் வரை போய்விடுகிறது. பிவிஆர் ஐநாக்ஸ் பாஸ்போர்ட் என்ற சந்தாவில் மாதம் 349 ரூபாய்க்கு நாலு படம் என்கிறார்கள், மூன்று மாதத்துக்குச் சேர்த்து 1,047 ரூபாய். எடுத்தால் லாபமா? கோயம்புத்தூரில் படிக்கும் என் தம்பியும் தனக்கு ஒன்று வேண்டும் என்கிறான்."

சனிக்கிழமை ராத்திரி என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், அங்கேயே பாதி பதில் வந்துவிட்டது. இந்த பாஸ் திங்கள் முதல் வியாழன் வரைதான் செல்லும். நீங்கள் இப்போது செய்கிற செலவில் ஒரு ரூபாயைக்கூட இது நேரடியாகக் குறைக்காது, ஏனென்றால் நீங்கள் போகிற நாளில் இது வேலை செய்யாது. சனிக்கிழமைப் பழக்கத்தை வார நாளுக்கு மாற்றிக்கொண்டால் மட்டும்தான் மிச்சம் என்ற பேச்சே வரும்.

இது எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன், கணக்கு அதில்தான் இருக்கிறது. 2023 அக்டோபரில் முதலில் விட்டபோது 699 ரூபாய்க்கு மாதம் பத்து படம், தென் மாநிலங்களுக்குக் கிடையாது, ஐமேக்ஸ், கோல்டு, லக்ஸ் மாதிரியான உயர்ரக ஸ்கிரீன்களுக்கும் கிடையாது. மாதம் பத்து படம் யார் பார்ப்பார்கள்? 2024 மார்ச்சில் 349க்கு நாலு படம் என்று இறக்கினார்கள். இரண்டிலும் மாறாத விஷயம் திங்கள் முதல் வியாழன், குறைந்தது மூன்று மாதம். இந்தியாவின் பெரிய மல்டிபிளெக்ஸ்களில் வருஷம் முழுக்கக் கூட்டிப் பார்த்தால் நாலு இருக்கையில் ஏறக்குறைய மூன்று காலியாகத்தான் ஓடுகிறது. வார இறுதியில் ஹவுஸ்ஃபுல் ஆகிற அதே ஸ்கிரீனில் செவ்வாய் மதியம் புரொஜெக்டரும் ஏசியும் பத்துப் பேருக்காக ஓடும். அந்தக் காலி இருக்கையில் உங்களை உட்கார வைக்க அவர்களுக்குப் பெரிதாக எந்தச் செலவும் இல்லை, நீங்கள் உள்ளே வந்து ஒரு பாப்கார்ன் வாங்கினால் போதும். அவர்களுக்கு விற்காத சரக்கை உங்களுக்கு மலிவாகத் தருகிறார்கள், அதில் தப்பு ஒன்றும் இல்லை, நல்ல வியாபாரம்தான். ஆனால் விற்காத சரக்கின் விலையை விற்கிற சரக்கின் விலையோடு ஒப்பிட்டு, 350 ரூபாய் டிக்கெட் 87 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று நினைத்துக்கொள்வதுதான் தப்பு.

சரி, அப்படியானால் எதோடு ஒப்பிடுவது? இங்கேதான் பெரும்பாலோர் கவனிக்காத ஒன்று. 2025 ஏப்ரலில் இதே நிறுவனம் ‘பிளாக்பஸ்டர் டியூஸ்டேஸ்’ என்று தொடங்கியது, செவ்வாய்க்கிழமை டிக்கெட் 99 முதல் 149 ரூபாய். முன்பணம் இல்லை, மூன்று மாதக் கட்டாயம் இல்லை, வேண்டிய செவ்வாய் போகலாம், பிடிக்காத வாரம் வீட்டிலேயே இருக்கலாம். உங்கள் பாஸின் உண்மையான போட்டியாளர் இந்தச் செவ்வாய் டிக்கெட்தான். சலுகைகள் அவ்வப்போது மாறும், அதனால் உங்கள் தியேட்டரில் இப்போது செவ்வாய்க்கு என்ன விலை என்று ஆப்பில் ஒரு முறை பார்த்துவிட்டு அந்த எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள், முறை அதேதான்.

மாதம் ஒரு படம்தான் வார நாளில் போக முடிந்தது என்றால் அந்த ஒரு டிக்கெட்டின் விலை 349, அதாவது சனிக்கிழமை விலையையே செவ்வாய்க்கிழமை கொடுத்திருக்கிறீர்கள். இரண்டு படம் என்றால் ஒன்றுக்கு 174 சொச்சம், செவ்வாய் டிக்கெட் அதைவிட மலிவு. மூன்று படம் என்றால் 116, ஏறக்குறைய சமம். நாலும் பார்த்தால்தான் 87 ஆகிறது. அப்போதும் நாலு செவ்வாய்க்கு 99 வீதம் 396 ரூபாய், 149 வீதம் 596 ரூபாய். ஆக ஒரு படம்கூட விடாமல் பார்த்தால் உங்களுக்கு மாதம் மிஞ்சுவது 47 ரூபாயிலிருந்து 247 ரூபாய் வரை. அவ்வளவுதான் இந்தச் சந்தாவில் கிடைக்கிற லாபம். அதற்கு மூன்று மாதப் பணத்தை முதலிலேயே கட்டி, ஒவ்வொரு மாதமும் நாலு வார நாட்களை ஒதுக்க வேண்டும்.

பாஸுக்கு ஒரு நியாயம் சொல்ல வேண்டும். செவ்வாய் ஒன்றுதான் மலிவு, பாஸில் நாலு நாள் இருக்கிறது. உங்களுக்குச் செவ்வாய் மாலை அமெரிக்கக் கிளையண்டோடு கால் என்றால் செவ்வாய் சலுகை உங்களுக்கு இல்லாத மாதிரிதான், அப்போது பாஸின் மதிப்பு கொஞ்சம் ஏறுகிறது. ஆனால் ஹிஞ்சேவாடியில் இருந்துகொண்டு ஏழு மணிக்கு லேப்டாப்பை மூடி, அந்த டிராஃபிக்கில் வெளியே வந்து, மனைவியையும் கூட்டிக்கொண்டு எட்டரை ஷோவைப் பிடிப்பது என்பதை மாதம் எத்தனை முறை உங்களால் செய்ய முடியும் என்று நீங்களே யோசியுங்கள். இல்லையென்றால் நைட் ஷோ, பன்னிரண்டரைக்கு வெளியே வந்து மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஸ்டாண்டப் மீட்டிங்.

அப்புறம் மனைவி. பாஸ் ஒருவர் பேரில்தான், மாற்ற முடியாது, உள்ளே விடும்போது அடையாள அட்டை கேட்பார்கள். ஆகவே நீங்கள் இருவரும் போக இரண்டு பாஸ், 2,094 ரூபாய். ஒருவர் மட்டும் எடுத்துவிட்டு இன்னொருவருக்கு டிக்கெட் வாங்கலாம் என்றால் பக்கத்து சீட் கிடைக்கிற மாதிரி இரண்டு புக்கிங்கையும் தனித்தனியாகச் செய்ய வேண்டும், செய்யலாம், எரிச்சலான வேலை. இரண்டு பாஸ் எடுத்தால் ஒருவருக்கு உடம்பு சரியில்லாத வாரம் இருவருமே போகமாட்டீர்கள், நஷ்டம் இரட்டிப்பு. தனியாகப் படம் பார்க்கிறவர்களுக்கு இந்த பாஸ் பொருந்துகிற அளவு தம்பதிகளுக்குப் பொருந்துவதில்லை என்பது என் அபிப்பிராயம், குழந்தை இருக்கிற வீட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

எந்தப் படம் பார்ப்பீர்கள் என்பதும் முக்கியம். திருநெல்வேலிக்காரர், புனேயில் தமிழ்ப் படம் பார்க்கத்தான் ஆசைப்படுவீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். தமிழ்நாட்டுக்கு வெளியே தமிழ்ப் படத்தின் ஆயுசு உங்களுக்கே தெரியும்: வெள்ளி, சனி, ஞாயிறு ஷோ இருக்கும், திங்கள் வந்தால் இரண்டு தியேட்டரில் ஒவ்வொரு ஷோ, அதுவும் ஊரின் இன்னொரு மூலையில் இரவு பத்தரைக்கு. நடுத்தரப் படம் என்றால் திங்களோடு காணாமல் போய்விடும். பெரிய நடிகர்களின் படங்கள் இப்போது வியாழக்கிழமையே வருவதும் உண்டு, வியாழன் பாஸில் அடங்குமே என்று சந்தோஷப்படுவதற்கு முன், விடுமுறை நாளுக்கும் சிறப்பு வெளியீட்டுக்கும் விதிவிலக்கு இருக்கிறதா என்று விதிமுறைகளைப் படியுங்கள். அந்த முதல் நாளை நண்பர்களோடுதான் பார்ப்பீர்கள் என்றால் அவர்கள் டிக்கெட் எடுக்கிற இடத்தில்தான் நீங்களும் எடுக்க வேண்டியிருக்கும், அது தனி.

பாஸ் நன்றாக வேலை செய்வது இந்தி, மராத்தி, ஆங்கிலப் படங்களும் பார்க்கிறவருக்குத்தான். புனேயில் இவை வார நாளிலும் காலை முதல் ராத்திரி வரை ஓடும். தமிழ்ப் படங்கள் பல நாலு வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிடுகின்றன, இந்திப் படங்களுக்குப் பெரும்பாலும் எட்டு வாரம், அதனால் தியேட்டரில் பார்க்காவிட்டால் காத்திருக்கிற காலமும் இந்திக்குத்தான் அதிகம். தமிழுக்காக மட்டும் என்றால் இந்தக் காசை ஓடிடிக்கு வைத்துக்கொள்ளலாம்.

டிக்கெட்டை விட்டு வெளியே ஓடுகிற செலவை யாரும் பாஸோடு சேர்த்துக் கணக்கிடுவதில்லை. பார்க்கிங், பெட்ரோல், புக்கிங்குக்கு இணையக் கட்டணம் தனியாக விழுகிறதா என்பது, இதற்கெல்லாம் மேலே பாப்கார்ன். பிவிஆர் ஐநாக்ஸின் 2023-24 நிதியாண்டில் டிக்கெட்டின் சராசரி விலை 259 ரூபாய், தியேட்டருக்குள் வந்த ஒருவர் சாப்பிடக் குடிக்கச் செலவழித்தது சராசரியாக 132 ரூபாய். வாங்காதவர்களையும் சேர்த்த சராசரி அது, வாங்குகிறவர் எவ்வளவு கொடுக்கிறார் என்பது உங்களுக்கே தெரியும். டிக்கெட்தான் ஓசி மாதிரி ஆகிவிட்டதே என்ற தைரியத்தில் ஒரு பெரிய டப் வாங்கிவிட்டால் ஒரு மாத லாபம் ஒரே இடைவேளையில் காலி. தண்ணீருக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வெளிச் சாப்பாட்டைத் தடுக்கத் தியேட்டருக்கு உரிமை உண்டு என்று சொன்னபோதே, குடிநீரை இலவசமாகத் தர வேண்டும் என்பதையும் சொன்னது.

மாத சந்தா எடுக்கிற எல்லோருமே தங்களைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாக நினைத்துக்கொள்கிறோம். இதைப் பற்றி 2006இல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வு பிரபலம். ஜிம்முக்கு மாதச் சந்தா கட்டியவர்கள் உண்மையில் போன நாட்களால் வகுத்துப் பார்த்தால் ஒரு முறைக்கு 17 டாலருக்கு மேல் கொடுத்திருக்கிறார்கள், பத்து முறைக்கான அட்டை வாங்கியிருந்தால் ஒரு முறைக்கு 10 டாலர்தான். சினிமா ஜிம் அளவுக்குக் கஷ்டமான வேலை இல்லை, ஒத்துக்கொள்கிறேன், ஆனாலும் கட்டிய பணத்துக்காக சுமாரான படத்துக்கெல்லாம் போய் உட்காருகிற நிலை வரும். அந்த இரண்டரை மணி நேரமும் செலவுதான்.

கம்பெனி திடீரென்று மூடிவிட்டால் கட்டிய பணம் என்ன ஆகும் என்ற பயமும் சிலருக்கு உண்டு, அமெரிக்காவின் மூவிபாஸ் கதையைக் கேள்விப்பட்டிருப்பார்கள். 2017 ஆகஸ்டில் மாதம் 9.95 டாலருக்கு தினம் ஒரு படம் என்று அறிவித்தார்கள், கூட்டம் லட்சக்கணக்கில் சேர்ந்தது, ஆனால் அவர்களுக்குச் சொந்தத் தியேட்டரே இல்லை, ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் முழு விலையைத் தியேட்டருக்குக் கொடுத்தார்கள். ஆள் எவ்வளவு அதிகம் படம் பார்க்கிறாரோ அவ்வளவு நஷ்டம். 2019 செப்டம்பரில் கடையை மூடினார்கள். அதிகம் பார்த்த சந்தாதாரர்களின் பாஸ்வேர்டை மாற்றி உள்ளே வரவிடாமல் செய்ததாக அந்நாட்டு வர்த்தக ஆணையம் 2021இல் குற்றம் சாட்டியது. தியேட்டர்காரரே தன் இருக்கையைத் தருகிற பாஸுக்கு இந்தக் கோளாறு கிடையாது. பாரிஸில் யூஜிசி என்ற தியேட்டர் நிறுவனம் 2000ஆம் ஆண்டு தொடங்கிய மாத அட்டை இன்றும் ஓடுகிறது. ஆகவே அந்தப் பயம் உங்களுக்கு வேண்டாம். எந்தச் சந்தாவாக இருந்தாலும் தானாகப் புதுப்பிக்கிற வகையா என்று மட்டும் பாருங்கள். யுபிஐ ஆட்டோபே கொடுத்திருந்தால் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி, அந்த மெசேஜைப் பார்த்ததும் ஆப்பிலேயே ரத்து செய்துவிடலாம்.

தம்பிக்கு. முதலில் விட்ட பாஸ் தென் மாநிலங்களுக்குக் கிடையாது, இப்போதையது கோவையில் செல்லுமா என்று முதலில் பார்க்கட்டும். செல்லும் என்றாலும் தமிழ்நாட்டில் கணக்கே வேறு. 2017 அக்டோபரில் அரசு நிர்ணயித்த உச்சவரம்புப்படி மல்டிபிளெக்ஸில் சாதாரண டிக்கெட் 150 ரூபாய், அதன் மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம், உள்ளாட்சிக் கேளிக்கை வரி, எல்லாம் சேர்த்தும் தமிழ்ப் படத்துக்கு 200க்குள் முடிந்துவிடும், சனிக்கிழமையும் அதே விலைதான். புனேயிலும் மும்பையிலும் வார இறுதி விலைக்கு உச்சவரம்பு இல்லாததால்தான் வார நாள் பாஸ் கவர்ச்சியாகத் தெரிகிறது. விலை ஏற்கெனவே கட்டுக்குள் இருக்கிற ஊரில் மூன்று மாதத்துக்கு முன்பணம் கட்டி என்ன சாதிக்கப் போகிறான்? மாணவன், வகுப்பைக் கட் அடித்துவிட்டுப் போக நேரம் இருக்கும் என்று அவன் வாதாடலாம், அந்த வாதத்தை உங்கள் அம்மாவிடம் வைக்கச் சொல்லுங்கள். தனித் தியேட்டர்களில் விலை இன்னும் குறைவு. அவன் வாங்க வேண்டாம்.

நீங்கள்? இப்போதைக்கு வேண்டாம். வருகிற மாதம் செவ்வாய் டிக்கெட் எடுத்துப் போய்ப் பாருங்கள், இரண்டு பேருமாக. மூன்று செவ்வாய் சலிக்காமல் போக முடிந்தது, நாலாவதும் போகலாமே என்று தோன்றுகிறது என்றால் பாஸ் உங்களுக்கானதுதான், தாராளமாக வாங்குங்கள். வாங்கினாலும் எப்போது தொடங்குவது என்பதைப் பாருங்கள், மூன்று மாதக் கட்டாயம் இருப்பதால் இது முக்கியம். மார்ச் கடைசியில் எடுத்தால் ஐபிஎல் நடக்கிற மாதங்கள், பெரிய படங்கள் ஒதுங்கிக்கொள்ளும், நாலு படம் தேறுவதே கஷ்டம். தீபாவளிக்கு ஒட்டித் தொடங்கினால் கிறிஸ்துமஸ், பொங்கல் படங்கள் வரை அந்த மூன்று மாதத்துக்குள் வந்துவிடும்.