குரல் இல்லாத கிட்டார் தொகுப்புகள் சலிப்பூட்டுவது குறித்து

வணக்கம். கலிபோர்னியக் கடற்கரையின் அலைச்சறுக்கு இளைஞர்களிடையே வளர்ந்த கிட்டார் இசையான சர்ஃப் இசையின் தொகுப்பு ஒன்றைக் கைபேசியில் கேட்டதாகவும், பாடகர் இல்லாததால் மூன்றாவது பாடலுக்குள் எல்லாமே ஒன்றுபோலத் தோன்றியதாகவும் எழுதியிருந்தீர்கள். குறை உங்கள் காதில் இல்லை. பெரும்பகுதி கைபேசியின் சிறிய ஒலிபெருக்கியில்தான் இருக்கிறது. கிட்டாரின் ஒலியைச் சுருள்கம்பிகளின் வழியே செலுத்தி, ஈரம் சொட்டுவதுபோல் திருப்பித் தரும் ஸ்பிரிங் ரிவெர்ப், 1961இல் ஃபெண்டர் நிறுவனம் தனிப்பெட்டியாக வெளியிட்ட கருவி. அதன் அதிர்வும், அடியில் நடக்கும் பேஸ் கிட்டாரும் ஹெட்போனில்தான் தனித்துத் தெரியும். ஷாண்டேஸ் குழுவின் 'பைப்லைன்' இதற்கு நல்ல தொடக்கம்.

அடுத்து, சர்ஃப் கிட்டார் கலைஞர் டிக் டேல் 1962இல் வாசித்த 'மிசர்லூ'வை மட்டும் சில நாட்கள் கேளுங்கள். கிழக்கு மத்தியதரைக் கடற்பகுதியின் பழைய மெட்டு அது. அதன் சுரங்கள், நம் பிள்ளைகள் சரளி வரிசை பழகும் மாயாமாளவகௌளையின் சுரங்களே என்பதைத் திருப்பரங்குன்றத்தில் என் வீட்டு மாடியில் ஒரு மாலை உணர்ந்தபோது நான் மெய்சிலிர்த்துப்போனேன். லெபனான் வழிவந்த தந்தையின் மகனான டேல், ஒரே தந்தியை மேலும் கீழுமாக அதிவேகமாக மீட்டி அம்மெட்டை விரட்டுகிறார்.

மீனாட்சியம்மன் கோயிலில் நாகசுவரம் ஒலிக்கும்போது நாம் சொற்களைத் தேடுவதில்லை, ராகத்தின் போக்கையே பின்தொடர்கிறோம். கிட்டாரையும் அவ்வாறே பின்தொடருங்கள். முழுத் தொகுப்பையும் ஒரே அமர்வில் கேட்க வேண்டாம், நான்கு பாடல்கள் போதும்.