சனிக்கிழமைக்கு ஓர் எழுத்து

நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரைப் பற்றிப் போன இதழில் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். ஆம்ஸ்டர்டாமிலிருந்து ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது. 1122-இல் நகர உரிமை பெற்ற பழைய ஊர். கல்யாணமாகி வந்து பதினான்கு வருடங்களாக இங்கேதான் குடியிருக்கிறேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்வி, வேறு வேறு வார்த்தைகளில்: அங்கே பொழுது எப்படிப் போகிறது? முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

அக்கா, அங்கே கோயில் திருவிழா இல்லை, சபா இல்லை, சொந்தபந்தம் இல்லை. சனி, ஞாயிறு வந்தால் என்ன செய்வீர்கள்? (கும்பகோணம் வாசகி)

வாரத்திலேயே எனக்கு நிறைந்த நாள் சனிக்கிழமைதான். காலையில் காபி குடித்த கையோடு பிரேட்ஸ்த்ராத் தெருவுக்குப் போய்விடுவேன். அங்கே துணிச் சந்தை கூடும். 1597-இலிருந்து நடக்கிற சந்தை என்று சொல்வார்கள். பருத்தி, லினன், கம்பளி என்று உருளை உருளையாக அடுக்கியிருக்கும். மேசை மேல் அளந்து வெட்டித் தருவார்கள். உருளை தீர்ந்து மிஞ்சும் கடைசித் துண்டுக்கு என்னைப்போல நாலு பேர் காத்திருப்போம். மதியம் ஒரு மணிக்குக் கடையைக் கட்டிவிடுவார்கள். அங்கிருந்து யான்ஸ்கெர்க்கோஃப் சதுக்கத்துப் பூச்சந்தை. மல்லிகை கிடைக்காது. ஆனால் ஏப்ரலில் ட்யூலிப் வாளி வாளியாக இருக்கும்.

அதற்குள் ஊர் நடுவே இருக்கும் டோம் தேவாலயக் கோபுரத்து மணிகளில் ஒருவர் பாட்டு வாசிக்கத் தொடங்கியிருப்பார். ஒரு மணிக்குக் கால்வாய் ஓரம் கல்லில் எழுத்து வெட்டுவார்கள். மூன்றரைக்கு டோம் தேவாலயத்தில் இலவசக் கச்சேரி. ஆர்கன், கோரஸ் பாட்டு, சில வாரம் பாக் என்ற பழைய ஜெர்மன் இசைமேதையின் இசை. வீட்டுக்குத் திரும்பும்போது இருட்டியிருக்கும். கையில் ஒரு துணித்துண்டும் ஒரு கொத்துப் பூவும் இருக்கும், காசு அதிகம் செலவாகியிருக்காது.

கல்லில் எழுத்து வெட்டுவதாகப் போன முறையும் எழுதினீர்கள். அதென்ன, கல்வெட்டா? (காரைக்குடி வாசகர்)

கல்வெட்டுதான், ஆனால் இன்னும் எழுதி முடியாத கல்வெட்டு. பழைய கால்வாயின் ஓரத்தில் தெருக்கற்களில் ஒரு கவிதை நீண்டுகொண்டே போகிறது. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவில் ஒரு கல்தச்சர் வந்து அடுத்த ஓர் எழுத்தை வெட்டுவார். ஒரே ஓர் எழுத்து. அவ்வளவுதான், அடுத்தது அடுத்த சனிக்கிழமை. 2012 ஜூன் 2 அன்று தொடங்கியது. 2000-ஆம் ஆண்டின் முதல் நாளிலிருந்தே எழுதி வந்ததுபோல இருக்கட்டும் என்று, தொடக்கத்திலேயே 648 எழுத்துகளைப் பதித்துவிட்டார்கள். கவிதையை ஊரின் கவிஞர்கள் ஒருவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் எடுத்து எழுதுகிறார்கள். முடிவு என்று ஒன்று வைக்கவில்லை. சனிக்கிழமை வந்துகொண்டிருக்கும் வரை கவிதையும் வளரும்.

ஒரு நாள் பக்கத்திலேயே முழங்காலிட்டுப் பார்த்தேன். தச்சர் தரையில் ஒரு மெத்தைத் துண்டு போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். கல்லில் எழுத்தின் வடிவம் பென்சிலால் மெல்லிசாக வரைந்திருந்தது. உளியைச் சாய்த்துச் சின்னச் சின்னத் தட்டாகத் தட்டினார். ஓங்கி ஓர் அடிகூட இல்லை. சாம்பல் நிறத் தூள் கிளம்பும், வாயால் ஊதுவார், விரலால் வருடிப் பார்ப்பார், திரும்பத் தட்டுவார். முடிந்ததும் சுற்றி நின்ற ஏழெட்டுப் பேரும் கைதட்டினோம். கல்லுக்குப் பணம் கொடுத்த குடும்பமும் வந்திருந்தது. கல்லின் பக்கவாட்டில் அவர்கள் வேண்டிய பெயரையோ வாசகத்தையோ பொறித்திருப்பார்கள். தரைக்குள் புதைந்துவிடும், வெளியே தெரியாது. அந்தக் குடும்பம் பிறந்த குழந்தைக்காகக் கொடுத்திருந்தது. குழந்தை தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து ஒரு கணக்குப் போட்டேன். "அகர முதல எழுத்தெல்லாம்" குறளை எழுத்தெண்ணினால் மெய்யெழுத்தும் சேர்த்து 26 வருகிறது. இவர்கள் வேகத்தில் வெட்டினால் சரியாக அரை வருடம். 1330 குறளுக்கும் அறுநூறு வருடங்களுக்கு மேல் ஆகும். அவர்கள் மனதில் இருப்பதும் அப்படிப்பட்ட காலம்தான்.

பெரிய கோயில் மணி கேட்டு வளர்ந்தவன் நான். அந்த டோம் கோபுரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள். (தஞ்சாவூர் வாசகர்)

நானும் உங்கள் ஊர்ப் பக்கம்தான், அதனால் ஆசையோடு சொல்கிறேன். உயரம் 112 மீட்டர், நெதர்லாந்திலேயே உயரமான தேவாலயக் கோபுரம். 1321-இல் தொடங்கி 1382-இல் முடித்தார்கள். பார்ப்பவர்கள் எல்லோரும் கேட்பது, கோபுரம் ஏன் தேவாலயத்தைவிட்டுத் தள்ளித் தனியாக நிற்கிறது என்றுதான். 1674 ஆகஸ்ட் 1 அன்று ஒரு பெரும் புயல். பணம் போதாமல் தாங்குசுவர்கள் முழுமையாகக் கட்டப்படாத நடுமண்டபம் அப்படியே சரிந்துவிட்டது. இடிபாட்டை அள்ளவே நூற்றைம்பது வருடங்கள் ஆயின. இப்போது அந்த இடம் திறந்த சதுக்கம். மண்டபம் இருந்த இடத்தைத் தரைக்கற்களில் கோடு போட்டுக் காட்டியிருக்கிறார்கள். வெயில் நாளில் மாணவர்கள் அங்கே உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிடுவார்கள்.

கோபுரத்தில் இரண்டு வகை மணிகள் உண்டு. ஒன்று, பாட்டு வாசிக்கிற மணிகள். ஹெமோனி சகோதரர்கள் பதினேழாம் நூற்றாண்டில் வார்த்தவை. பியானோ மாதிரி வரிசையாக மரக்கட்டைகள் இருக்கும், அவற்றை முஷ்டியால் அடித்து வாசிக்க வேண்டும். 2011 முதல் மல்கோசியா ஃபீபிக் என்ற போலந்துப் பெண்மணிதான் நகரத்தின் மணி இசைக்கலைஞர். 2018-இல் ஸ்வீடன் நாட்டு டிஜே அவிச்சி இறந்தபோது அவருடைய பாட்டுகளை இந்த மணிகளில் வாசித்தார். கீழே இளைஞர்கள் கண்ணீரோடு நின்றார்கள். 17-ஆம் நூற்றாண்டு வெண்கலத்தில் போன மாதத்துப் பாட்டு வருகிற ஊர் இது. எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

இன்னொன்று, ஊசலாடி ஒலிக்கிற பெரிய மணிகள், மொத்தம் 14. அவற்றில் பெரியது சால்வாத்தோர், எட்டு டன்னுக்கு மேல் எடை. 1505-இல் கெர்ட் வான் வாவ் வார்த்தது. மோட்டார் கிடையாது, இன்றைக்கும் கயிறுதான். இழுப்பவர்கள் 1978-இல் தொடங்கிய மணியடிப்போர் சங்கத்துத் தொண்டர்கள். சம்பளம் இல்லை. ஆசிரியர், செவிலியர், ஓய்வு பெற்றவர் எல்லோரும் இருக்கிறார்கள்.

அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது உச்சி வரை 465 படி ஏற மாட்டார் என்று நினைத்தேன். மணிக்கூடம் வரை ஒவ்வொரு படியாக, கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டார். சால்வாத்தோர் மேல் உள்ளங்கையை வைத்தார். ஜூலை மாதத்திலும் அது சில்லென்று இருந்தது. வழிகாட்டி, அதை ஆட்ட ஒருவர் போதாது, சேர்ந்துதான் இழுக்க வேண்டும் என்றார். "தேர் வடம் மாதிரி" என்று அம்மா தமிழில் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். வழிகாட்டிக்குத் தேர் என்றால் என்ன என்று விளக்கவே பத்து நிமிடம் ஆயிற்று. பின்னால் வந்தவர்களும் நின்று கேட்டார்கள்.

ஆனைமங்கலம் செப்பேடுகள் உங்கள் ஊரில்தானே இருந்தன? (நாகப்பட்டினம் வாசகர்)

இல்லை, அது லெய்டன். அங்கே பல்கலைக்கழக நூலகத்தில் நெடுங்காலம் இருந்தன. நாகப்பட்டினத்து சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் ஊரைக் கொடுத்த செப்பேடுகள், சோழர் முத்திரை வளையத்தோடு. இரண்டு ஊருக்கும் பல்கலைக்கழகம், கால்வாய், சைக்கிள் எல்லாம் ஒன்றுபோல இருப்பதால் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

குழந்தைகளுக்கு என்ன இருக்கிறது? (மதுரை வாசகி)

நைன்ச்சே இருக்கிறாள்! இரண்டு புள்ளிக் கண்ணும் பெருக்கல் குறி மாதிரி வாயும் உள்ள வெள்ளை முயல்குட்டி. ஆங்கிலத்தில் மிஃபி என்பார்கள். 1955-இல் அவளை வரைந்த டிக் புருனா இந்த ஊர்க்காரர். 2017-இல் காலமாகும் வரை இங்கேயே வாழ்ந்தார். தூரிகையால் மெதுவாக இழுத்த கறுப்புக் கோடு, உற்றுப் பார்த்தால் லேசாக நடுங்கும். முயல் எப்போதும் நேராகக் குழந்தையைத்தான் பார்க்கும். அவளுக்கு ஒரு அருங்காட்சியகம், ஒரு சின்னச் சதுக்கம், ஒரு சிலை. பாதசாரி விளக்கில்கூட ஓரிடத்தில் அவள் உருவம்தான் சிவப்பிலும் பச்சையிலும் வரும்.

அப்புறம் நவம்பர் 11, புனித மார்ட்டின் நாள். குளிரில் நடுங்கிய பிச்சைக்காரருக்குத் தன் மேலங்கியை வாளால் இரண்டாகக் கிழித்துப் பாதியைக் கொடுத்தவர் அவர். ஊரின் காவல் புனிதர். நகரக் கொடியின் சிவப்பும் வெள்ளையும் அந்தக் கிழிந்த அங்கிதான் என்பார்கள். அதையொட்டி வரும் ஊர்வலத்தில் வில்லோ குச்சியும் மெல்லிய தாளும் வைத்துச் செய்த பெரிய ஒளி உருவங்களைத் தூக்கிக்கொண்டு போவார்கள். என் மகன் எட்டு வயதில் ஒரு மீன் செய்தான். பசை காயாமல் வால் விழுந்துவிட்டது. பக்கத்தில் நடந்த முன்பின் தெரியாத ஒரு தாத்தா தன் ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டிக் கொடுத்தார்.

கச்சேரி, சீசன் என்று ஏதாவது? (சென்னை வாசகர்)

ஆகஸ்ட் கடைசியில் பழைய இசை விழா, 1982 முதல். ஐரோப்பாவின் பல நூற்றாண்டுப் பழைய பாட்டுகளை அந்தந்தக் காலத்து வாத்தியங்களிலேயே வாசிப்பார்கள். நம் மார்கழி மாதிரியே நிகழ்ச்சி நிரலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தேவாலயத்திலிருந்து இன்னொன்றுக்கு ஓடுவார்கள், சைக்கிளில். திவோலிஃப்ரெடன்புர்க் என்று பல அரங்குகள் அடுக்கிய ஒரே கட்டடமும் உண்டு.

கால்பந்து பைத்தியம் நான். எஃப்சி உட்ரெக்ட் நல்ல அணியா? (கோழிக்கோட்டிலிருந்து ஒரு தமிழ் வாசகர்)

நல்ல அணி, விசுவாசமான அணி. 1970-இல் ஊரின் மூன்று கிளப்புகள் ஒன்றாகிப் பிறந்தது. அன்றிலிருந்து ஒருமுறைகூட முதல் பிரிவிலிருந்து கீழே இறங்கவில்லை. லீக் பட்டம் வென்றதும் இல்லை. நாட்டுக் கோப்பையை 1985, 2003, 2004-இல் வென்றார்கள். மார்கோ வான் பாஸ்டன், வெஸ்லி ஸ்னைடர் இருவரும் இந்த ஊரில் பிறந்தவர்கள். சிறு வயதிலேயே ஆம்ஸ்டர்டாம் கிளப்பான ஆயாக்ஸுக்குப் போய்விட்டார்கள். பெரியவர்கள் இன்னும் அதைச் சொல்லி வருந்துவார்கள்.

2005-இல் டேவிட் டி தொமாஸோ என்ற பிரெஞ்சுத் தடுப்பாட்டக்காரர் 26 வயதில் தூக்கத்திலேயே இறந்துபோனார். ஆண்டின் சிறந்த வீரருக்கு ரசிகர்கள் தரும் கோப்பை இன்று அவர் பெயரில்தான். பக்கத்து வீட்டுக்காரர் அவர் பெயரைச் சொல்லும்போது இன்றும் குரல் தழுதழுக்கும். கோப்பை எண்ணிக்கையை வைத்து மட்டும் இந்தக் கிளப்பை எடை போடாதீர்கள்.

அந்த ஊரில் பிறந்த விளையாட்டு வீரர்களில் உங்களுக்குப் பிடித்தவர் யார்? (ஈரோடு வாசகி)

ஓட்டக்காரி டாஃப்னே ஸ்கிப்பர்ஸ் என்று சொல்ல வாய் வருகிறது. 2015, 2017 இரண்டு உலகப் போட்டியிலும் 200 மீட்டர் தங்கம் வென்றவர். ஆனால் என் மனதில் முதலிடம் ஆண்டன் ஹேசிங்குக்குத்தான். கட்டட வேலை செய்த ஏழை வீட்டுப் பிள்ளை, கிட்டத்தட்ட ஆறரை அடி உயரம், ஜூடோ வீரர்.

1964 டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் ஜூடோ முதன்முதலாகச் சேர்ந்தது. நான்கு பிரிவு. மூன்றை ஜப்பான் வென்றுவிட்டது. கடைசி நாள், எடை வரம்பில்லாத பிரிவு. எதிரே ஜப்பானின் அகியோ காமினாகா. ஒன்பது நிமிடத்துக்கு மேல் போராட்டம், பிறகு ஹேசிங்க் அவரைத் தரையில் அமுக்கிப் பிடித்தார். அரங்கமே உறைந்துவிட்டது. நெதர்லாந்து ரசிகர்கள் கொண்டாட்டத்தில் பாய்மேல் ஓடி ஏறப்போனார்கள். ஹேசிங்க் எழுந்திருக்கும்போதே கையை நீட்டி, வராதே என்று நிறுத்தினார். தோற்றவருக்கு முறைப்படி வணக்கம் சொன்ன பிறகுதான் மற்றதெல்லாம். அந்தக் கையைத்தான் ஜப்பானியர்கள் இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள். பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் நீங்களும் பாருங்கள், ஒரு நொடிதான் வரும். 2010-இல் உட்ரெக்டிலேயே காலமானார். அவர் பெயரில் ஒரு தெரு இருக்கிறது.

கிரிக்கெட் உண்டா? (திருப்பூர் வாசகர்)

உண்டு. காம்போங் என்ற பழைய விளையாட்டுச் சங்கம், 1902-இல் தொடங்கியது. ஹாக்கிக்குத்தான் பேர்போனது. ஆண்கள் அணி 2016-இல் ஐரோப்பிய ஹாக்கி லீக்கை வென்றது. கோடையில் அங்கே கிரிக்கெட் பார்க்கலாம். மழை விட்டால்.

ஊரிலிருந்தே பார்க்கக்கூடியதாக, செலவில்லாமல் ஏதாவது சொல்லுங்கள் அக்கா. பாஸ்போர்ட்கூட இல்லை எனக்கு. (கோவில்பட்டி வாசகி)

மீன் அழைப்பு மணி! வசந்த காலத்தில் மீன்கள் முட்டையிட ஆழம் குறைந்த தண்ணீரைத் தேடி ஊருக்குள் நீந்தி வரும். வெர்ட்ஸ்லவுஸ் மதகு மூடியிருக்கும், அந்த நேரத்தில் படகுப் போக்குவரத்து குறைவு என்பதால் அடிக்கடி திறக்க மாட்டார்கள். மீன்கள் கதவடியில் காத்துக் கிடக்கும், பறவைகளுக்கு இரையாகும். அதனால் 2021-இல் தண்ணீருக்கடியில் ஒரு கேமரா வைத்து இணையத்தில் நேரடியாக விட்டார்கள். மீனைப் பார்த்தால் திரையில் இருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். படம் மதகுக்காரருக்குப் போகும். போதுமான மீன் சேர்ந்ததும் அவர் கதவைத் திறப்பார். உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் அமுக்கலாம், கோவில்பட்டியிலிருந்தும்.

மார்ச் தொடங்கியதும் திறந்து பாருங்கள். முதலில் கலங்கிய பச்சைத் தண்ணீர்தான் தெரியும், ஐந்து நிமிடம், பத்து நிமிடம். பொறுத்திருங்கள். இரவில்தான் நடமாட்டம் அதிகம், அப்போது உங்களுக்கு விடிகாலை. போன வருடம் கோலம் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்த என் அத்தைக்கு ஒரு பெரிய பைக் மீன், முதலை மாதிரி நீண்ட மூக்கோடு, கேமராவுக்கு நேராக வந்து நின்றது. உடனே பொத்தானை அமுக்கிவிட்டு எனக்குப் போன் போட்டார். "உங்க ஊர்க் கதவைத் தட்டிட்டேண்டி" என்றார்.