எந்தக் கரையில் வருகிறீர்கள்?

அன்புள்ள அக்கா,

உங்கள் கொடைக்கானல் குறிப்புகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். ஒரு சந்தேகம். சென்ற மாதம் எழுதியதில், "டீச்சரைப் பார்க்க நடந்தேன். கிளம்பும்போது வெயில், ஏரிக்கு வருவதற்குள் சாரல், அப்புறம் மூட்டம், போய்ச் சேர்ந்தபோது மறுபடி வெயில்" என்று நாலு சொல்லில் முடித்துவிட்டீர்கள். எங்கள் விருதுநகரில் வானிலை என்றாலே வெயில்தான். கூடுதல் வெயில், குறைந்த வெயில் என்று இரண்டு வகை உண்டு. ஒன்றரை மணி நேர நடையில் இத்தனை மாற்றம் வருமா, அல்லது எழுத்துக்காகச் சேர்த்ததா?

இன்னொன்று. கார்த்திகையில் அம்மாவை அங்கே கூட்டி வர நினைக்கிறேன். பனி பெய்வதை நேரில் பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. போனில் காட்டும் வானிலையை நம்பி நாள் குறிக்கலாமா?

ஒரு வாசகர், விருதுநகர்

அன்புள்ள தம்பி,

சேர்க்கவில்லை. குறைத்துத்தான் எழுதினேன். அன்றைக்குச் சாரல் இரண்டு தடவை வந்தது. ஒன்றை விட்டுவிட்டேன், நம்ப மாட்டீர்கள் என்று. நம்பாமல்தான் போயிருக்கிறீர்கள்.

முதலில் அந்த நடையைச் சொல்லிவிடுகிறேன். என் வீடு மூஞ்சிக்கல் பக்கம். டீச்சர் வீடு ஏரிக்கு அந்தப் பக்கம், அப்சர்வேட்டரிக்கு ஏறும் சாலையில். என் மகனுக்கு மூன்றாம் வகுப்பு எடுத்தவர், என்னைவிடப் பதினோரு வயது மூத்தவர். மகன் படித்து முடித்து வெளியூர் போய்விட்டான். டீச்சர் எனக்குத் தோழியாக மிஞ்சினார். இன்றைக்கும் "டீச்சர், வாங்க" தான். பேரைச் சொல்லிக் கூப்பிட வாய் வராது.

ஒன்றுவிட்ட சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இருவரும் அவரவர் வீட்டிலிருந்து கிளம்புவோம். இடம் குறிப்பதில்லை. எதிரெதிராக நடந்து வந்தால் எங்காவது முட்டிக்கொள்வோம், அதுதான் அன்றைய இடம். பக்கத்தில் எது இருக்கிறதோ, சோளம் சுடுகிற வண்டியோ, டீக்கடையோ, கல் பெஞ்சோ, அங்கே உட்கார்ந்து பேசிவிட்டுத் திரும்புவோம். வானம் வெளுத்திருந்தால் டீச்சர் வேகமாக வந்துவிடுவார், சந்திப்பு என் பக்கமாக நகரும். சாரல் என்றால் அவருக்கு முழங்கால் மடக்காது, நான் கூடுதலாக நடப்பேன். எங்கே சந்தித்தோம் என்று சொன்னால் அன்றைக்கு வானிலை எப்படி இருந்தது என்று என் வீட்டுக்காரர் சொல்லிவிடுவார்.

ஏன் ஒன்பது மணி என்பதற்கு ஒரு காரணம் உண்டு. டீச்சரின் அப்பா அப்சர்வேட்டரியில் வேலை பார்த்தவர். 1899-இல் தொடங்கிய சூரிய ஆய்வகம் அது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாகப் பாய்வதை ஜான் எவர்ஷெட் என்ற விஞ்ஞானி 1909-இல் கண்டுபிடித்தது அங்கேதான். நூறு வருஷத்துக்கும் மேலாக, வானம் விட்ட நாளெல்லாம் சூரியனைப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். இப்படி மூட்டம் போடுகிற ஊரில் போய்ச் சூரியனைப் பார்க்க ஆய்வகமா என்று சுற்றுலா வருகிறவர்கள் சிரிப்பார்கள். காலையில் எழுந்து பார்க்காதவர்கள் அவர்கள். "சூரியன் பத்து மணி வரைக்கும்தான் நம்ம ஆளு, அப்புறம் அவன் யாரோ நாம யாரோ" என்பாராம் டீச்சரின் அப்பா. காலைப் படம் எடுத்து முடித்த பிறகுதான் அவருக்கு டீ இறங்குமாம்.

இரவெல்லாம் குளிர்ந்த காற்று பள்ளத்தில் படிந்து கிடக்கும். மேகமும் அதோடு கீழேயே கிடக்கும். விடிந்ததும் மலை விளிம்பை ஒட்டிய நடைபாதையான கோக்கர்ஸ் வாக்கில் நின்றால் பெரியகுளம் பக்கத்துச் சமவெளி சில நாள் துல்லியமாகத் தெரியும், சில நாள் வெள்ளைப் பஞ்சு மெத்தை மாதிரி மேகத்தின் முதுகு மட்டும் தெரியும். வெயில் ஏறிச் சரிவுகள் சூடானதும் கீழ்க்காற்று மலையைத் தடவிக்கொண்டு மேலே வரும். அடிவாரத்துக்கும் எங்களுக்கும் 1,700 மீட்டருக்கு மேல் உயர வித்தியாசம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு ஆறரை டிகிரி குறையும் என்று கணக்கு. அந்த ஏற்றத்தில் காற்றிலிருக்கிற ஈரம் தாங்காமல் துளியாகிவிடும். அதுதான் பதினோரு மணிக்கு மேல் மலை விளிம்பில் ஏறி, ரோட்டைக் கடந்து, என் வீட்டுச் சமையலறைக்குள் வருகிற மூட்டம். மிகையில்லை தம்பி, ஜன்னலை மூட மறந்தால் உப்பு ஜாடி கண்ணீர் விடும், தீப்பெட்டி உரசினால் மருந்துதான் உதிரும். நல்ல சேலை ஒன்றைப் பீரோவில் மூன்று மாதம் தொடாமல் வைத்தேன், எடுத்தபோது பூசணம் பூத்திருந்தது.

இந்தக் காற்று எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் ஏறாது. ஒரு வளைவில் வெயில் அடிக்கும், அடுத்த வளைவில் பள்ளம் இருந்தால் அங்கே வெள்ளையாக அடைத்து நிற்கும். நடக்கிறவர்களுக்கு வானிலை மாறுவதாகத் தோன்றும். பாதி நேரம் வானிலை இருக்கிற இடத்தில் இருக்கிறது, நாம்தான் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குள் நடந்து போகிறோம். போன் காட்டுவது பல கிலோமீட்டர் பரப்புக்குச் சேர்த்து ஒரே பதில். எங்கள் ஊர் அப்படிச் சேர்த்துப் பேசினால் அடங்குமா? "மழை வர வாய்ப்பு 60 சதவீதம்" என்று போன் சொன்னால், டீச்சருக்குப் பெய்யும், எனக்குப் பெய்யாது.

தைலமரத்தடி இன்னொரு கதை. மூட்டம் அடர்ந்த நாளில் ரோட்டின் நடுவில் நடந்தால் தலை நனையாது. ஓரமாக மரத்துக்கடியில் ஒதுங்கினால் சொட்டுச் சொட்டென்று கொட்டும். மூட்டத்திலிருக்கிற துளிகளை இலைகள் பிடித்துச் சேர்த்துக் கீழே விடுகின்றன. வெளியூர்க்காரர்கள் மழைக்கு ஒதுங்குவதாக நினைத்து ஓடிப்போய் மரத்தடியில் நின்று முழுக்க நனைவார்கள். அதைப் பார்ப்பதில் எனக்கும் டீச்சருக்கும் ஒரு அற்ப சந்தோஷம் உண்டு. சங்கப் பாட்டில் மழை என்ற சொல் மேகத்தையும் குறிக்கும் என்று கல்லூரியில் பொருள் எழுதி மனப்பாடம் செய்தேன். மேகமும் மழையும் ஒன்றென்று சொன்னவர்கள் எங்கே நின்று சொல்லியிருப்பார்கள் என்பது இங்கே குடிவந்த பிறகுதான் புரிந்தது.

சரி, சென்ற ஐப்பசியில் நடந்ததைச் சொல்கிறேன். அதை எழுதாமல் விட்டதற்குக் காரணம் வெட்கம்.

அன்றைக்குக் காலையிலேயே வழக்கம் பிசகியிருந்தது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அந்தப் பத்து மணிக் கணக்கெல்லாம் செல்லாது. நாள் முழுக்க மூடிக்கொண்டு கிடக்கும். ஆனாலும் ஒன்பது மணிக்கு ஒரு வெளிச்சம் வந்தது, கிளம்பிவிட்டேன். ஜெர்கின், குடை, ஒரு டப்பாவில் டீச்சருக்கு மேரக்காய்க் கூட்டு. மேரக்காய் உங்கள் ஊரில் சௌசௌ. இங்கே வேலிக்கு வேலி காய்த்துத் தொங்கும், யாரும் யாருக்கும் கொடுத்தால் வாங்க மாட்டார்கள், டீச்சர் மட்டும் வாங்குவார். போனை வேண்டுமென்றே வீட்டில் விட்டுப் போனேன். நனைந்து போய் ஒரு போன் ஏற்கெனவே செத்திருக்கிறது.

ஏழு ரோடு சந்திப்பிலிருந்து இறங்கும்போது சாரல். ஏரிக்கரை வந்ததும் நின்றது. சைக்கிள் வாடகைக்கு விடுகிற பையன்கள் பிளாஸ்டிக் உறையை இருக்கைகளிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தார்கள். நல்ல சகுனம் என்று நினைத்தேன். நூறு அடி போவதற்குள் தண்ணீர் மேலிருந்து மூட்டம் எழுந்து கரையை மூடிவிட்டது. ஏரி தெரியவில்லை. குதிரைக் குளம்புச் சத்தம் கேட்கிறது, குதிரை இல்லை. இப்படிப்பட்ட நேரத்தில் டீச்சரை நான் காதால்தான் கண்டுபிடிப்பேன். குடையை ஊன்றி நடப்பார், மூன்று ஊன்றலுக்கு ஒரு இருமல்.

ஊன்றல் கேட்கவில்லை. பெருமூச்சு மாதிரி ஒன்று கேட்டது. பத்துப் பதினைந்து அடி முன்னால் ரோட்டில் கறுப்பாக ஏதோ நின்றது. முதலில் யாரோ காரைக் குறுக்கே நிறுத்தியிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். அது காதை ஆட்டியது. காட்டெருமை. அதற்குப் பின்னால் இன்னொன்று. நகருக்குள் அவை வருவது எங்களுக்குப் புதிதில்லை, பேருந்து நிலையம் வரைக்கும் வந்து நிற்கும். ஆனால் பார்க்க முடிகிற காட்டெருமை வேறு, மூட்டத்துக்குள் நிற்கிற காட்டெருமை வேறு. பின்னாலேயே கால் வைத்து, வந்த வழியே திரும்பினேன். ஏரியைச் சுற்றிய சாலை ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் வட்டம்தானே, எதிர்க்கரை வழியாகப் போனாலும் அப்சர்வேட்டரி ஏற்றத்துக்குப் போய்ச் சேரலாம். டீச்சர் அந்நேரத்துக்கு இந்தக் கரையில் வந்துகொண்டிருப்பார் என்பது மட்டும் தோன்றவில்லை. பயத்தில் கணக்கு வராது.

எதிர்க்கரை முழுக்க டீச்சர் இல்லை. முழங்கால் வலி போல, மெதுவாக வருகிறார் என்று நினைத்தேன். ஏற்றத்தில் இல்லை. ஏறிக்கொண்டே போய்க் கடைசியில் அவர் வீட்டு வாசலில் நிற்கிறேன், அங்கே பளிச்சென்று வெயில். அவருடைய மருமகள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "அத்தை அப்பவே கிளம்பிட்டாங்களே, நீங்க பார்க்கலையா?" என்றாள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. எழுபத்தி மூன்று வயது, அந்தக் கரை, அந்த இரண்டு மாடுகள்.

மருமகள் என் வீட்டுக்குப் போன் போட்டாள். எடுத்தது டீச்சர். என் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து என் கணவர் போட்ட டீயைக் குடித்துக்கொண்டிருந்தார். மாடு என்னாச்சு என்று கத்தினேன். "அது ஒதுங்குற வரைக்கும் நின்னேன். அதுக்கும் வேலை இருக்கும்ல," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உன் வீட்டுக்காரர் டீயில உப்பு போட்டிருக்கார்னு நினைக்கிறேன்" என்றார். ஈரத்தில் சர்க்கரையும் உப்பும் ஒரே மாதிரிக் கட்டியாகிவிடும், அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

நான் அவர் வீட்டில் மத்தியானம் சாப்பிட்டேன், அவர் என் வீட்டில். மேரக்காய்க் கூட்டை மருமகள் முகத்தைச் சுளிக்காமல் வாங்கிக்கொண்டாள். இரண்டு மணிக்கு இரண்டு பேரும் கிளம்பினோம். இந்தத் தடவை போனில் ஒரே கேள்விதான்: "எந்தக் கரையில வர்றீங்க?" படகுத்துறைக்குக் கொஞ்சம் தள்ளி, கொட்டுகிற மழையில் சந்தித்து, நின்றபடியே இரண்டு நிமிடம் சிரித்துவிட்டு அவரவர் வீட்டுக்குப் போனோம்.

குறிஞ்சிக்குப் பெரும்பொழுது கூதிரும் முன்பனியும், சிறுபொழுது யாமம் என்று இலக்கணம் சொல்கிறது. ஐப்பசியும் கார்த்திகையும்தான் கூதிர். அந்த மழையில், நடு இரவில், மலைவழியில் தலைவன் வருவதை நினைத்துத் தோழி கலங்குவாள். நாங்கள் பகலில் சந்திக்கிற பகற்குறி ஆட்கள், அதற்கே இந்தப் பாடு.

இப்போது உங்கள் அம்மாவின் ஆசைக்கு வருகிறேன். நம் மொழியில் பனி என்ற ஒரே சொல்லைப் போட்டு எல்லாவற்றையும் குழப்பி வைத்திருக்கிறோம். இலையில் முத்துமுத்தாக நிற்பதும் பனி, ரோட்டை மறைப்பதும் பனி, காஷ்மீரில் கொட்டுவதும் பனி. கொட்டுகிற பனி இங்கே கிடையாது. இங்கே உண்டாவது உறைபனி. வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கிற இரவில், காற்றும் அடங்கியிருந்தால், தரையின் சூடெல்லாம் வானத்துக்குப் போய்விடும். ஏரியை ஒட்டிய தாழ்வான புல்வெளிகள், ஜிம்கானா பக்கம், விடியும்போது உப்புத் தூவியது போல வெளுத்துக் கிடக்கும். வெயில் பட்டதும் போய்விடும். எட்டு மணிக்கு எழுந்து வந்தால் ஈரப் புல்தான் மிச்சம்.

அதனால் கார்த்திகை வேண்டாம். அது எங்களுக்கு மழை மாதம், மலைச்சாலையில் மண் சரிவதும் மரம் விழுவதும் அப்போதுதான். மார்கழிக் கடைசியில் அல்லது தையில் வாருங்கள். 2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும், முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். நாள் குறிக்கப் போனைப் பார்க்காதீர்கள். மூன்று இரவு தங்குகிற மாதிரி வந்தால், ஒரு விடியலாவது கிடைக்கும். முதல் நாள் சாயங்காலம் நட்சத்திரம் நிறையத் தெரிந்து, காது மடல் வலித்தால், அலாரம் வைத்துப் படுங்கள்.

அம்மாவுக்கு ஸ்வெட்டர் எடுக்க மறந்தாலும் இங்கே வாங்கிக்கொள்ளலாம். இரண்டு ஜோடி காலுறையும் காதை மூடுகிற குல்லாவும் கட்டாயம். உறைந்த புல் வழுக்கும், ரப்பர் செருப்போடு கூட்டி வராதீர்கள். சனிக்கிழமையாக இருந்தால் எழுதுங்கள், டீச்சரிடமும் சொல்லி வைக்கிறேன்.

அன்புடன்,
அக்கா