பத்திரிகையில் யார் பெயர்?

வணக்கம் மேடம். எனக்கு வயது 24. கொடைக்கானல் மேல்மலையில் ஒரு கிராமம், பெயர் வேண்டாம். ஐந்து வயதில் அப்பா என்னைத் தத்தெடுத்தார். காகிதத்தில் அவர் தனி ஆள், வளர்த்தது இரண்டு பேர். இன்னொருவரை ஊர் ‘பூண்டு வியாபாரத்துல பார்ட்னர்’ என்கிறது. நான் சித்தப்பா என்பேன். அவர்கள் தம்பதி என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு தெரியாமலா போகும்?

2018 செப்டம்பர், மலையெல்லாம் குறிஞ்சி பூத்திருந்த நேரம். தன்பாலின உறவு குற்றமில்லை என்ற 377-ஆவது சட்டப் பிரிவுத் தீர்ப்பு டிவியில் ஓடியது. முறத்தை மடியில் வைத்து மலைப்பூண்டு உரித்துக்கொண்டிருந்த சித்தப்பா தலை நிமிரவே இல்லை. அப்பா எழுந்துபோய் ஒரு டீ போட்டு வந்து அவர் பக்கத்தில் வைத்தார். (அப்பா அடுப்பங்கரைக்குப் போனதே எனக்கு அதிசயம்.) வேறு ஒன்றும் பேசவில்லை.

சின்ன வயதில் எனக்கு மூச்சிரைப்பு. பஸ் இல்லாத மழை ராத்திரிகளில் என்னைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஜீப் தேடி ஓடியவர் சித்தப்பாதான். தை மாதம் எனக்குக் கல்யாணம். பெண்ணுக்கு எல்லாம் தெரியும், அவள் வீட்டாருக்குத் தெரியாது. “பத்திரிகைல என் பேரு எதுக்குடா? நான் பந்தில நின்னுக்கறேன்” என்கிறார் சித்தப்பா. அன்றிலிருந்து தூக்கம் இல்லை. இந்தக் கடனை எப்படி அடைப்பேன்?

ஆலோசகர் பதில்:

தம்பி, ‘கடன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். பெற்ற பிள்ளையிடம் யாரும் ‘உன்னை வளர்த்தாங்களே’ என்று சொல்லிக்காட்டுவதில்லை. தத்துப்பிள்ளையிடம் வழியில் போகிறவர்கூடச் சொல்வார். கேட்டுக் கேட்டுப் பாசம் பாக்கிக் கணக்காகிவிடுகிறது. மூச்சிரைக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் கணக்கு எழுதியிருக்க மாட்டார்.

பெயர் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். உங்கள் நன்றிக்காக அவர்கள் ரகசியத்தை அச்சடிக்க உங்களுக்கு உரிமை இல்லை. பெண் வீட்டாரிடம் எதை, எப்போது சொல்வது என்பது அவர்கள் இருவரின் முடிவு. ஆனால் ‘பந்தில நின்னுக்கறேன்’ என்பது கூச்சமா, பயமா, பழைய வலியா? அது தெரியாமல் நாம் என்ன பேசினாலும் வீண். பத்திரிகையில் ‘சித்தப்பா’ என்றே போடலாமே! இத்தனை வருடம் நீங்கள் கூப்பிட்ட முறைதானே, அதில் பொய் எங்கே?

பத்திரிகையைவிட எனக்குக் கவலை வேறு காகிதங்கள். தன்பாலினத் தம்பதிக்குத் திருமண உரிமையோ சேர்ந்து தத்தெடுக்கும் உரிமையோ இல்லை என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குடும்பம் அமையத் திருமணம் ஒன்றுதான் வழி என்றில்லை எனச் சென்னை உயர் நீதிமன்றம் 2025 மே மாதம் சொன்னது ஆறுதல்தான். ஆனாலும் சொத்து என்று வந்தால் சித்தப்பா இன்றும் அந்நியர். வீடு அப்பா பெயரில் இருந்தால், அவருக்குப் பிறகு சித்தப்பா அங்கே இருப்பது உங்கள் நல்ல மனசை நம்பித்தான். அப்படி விட்டுவிடாதீர்கள். அப்பா உயில் எழுதட்டும். இரண்டு சாட்சிகள் வேண்டும். பதிவு கட்டாயமில்லை, செய்துவிட்டால் நல்லது. வங்கியில் கூட்டுக் கணக்குக்கும் நாமினிக்கும் இப்படிப்பட்ட ஜோடிகளுக்குத் தடை இல்லை என்று 2024 ஆகஸ்டில் மத்திய நிதியமைச்சகமே தெளிவுபடுத்திவிட்டது. இந்தப் பேச்சை மகன் எடுத்தால் அப்பாவுக்கும் சுலபம்.

சித்தப்பாவிடம் எதிரில் உட்கார்ந்து கேட்காதீர்கள், எழுந்து போய்விடுவார். அவர் பூண்டு உரிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் நாலு உரியுங்கள். “கல்யாணத்துல நீ எங்க நிக்கணும்னு உனக்கு ஆசை?” என்று கேளுங்கள். அப்புறம் அவர் வாய் திறக்கும்வரை உரித்துக்கொண்டே இருங்கள்.