தமிழ்ல கதை எழுதறப்ப இடாலிக்ஸ், அதாவது சாய்வெழுத்து, யூஸ் பண்ணலாமா, எங்க பண்ணலாம்?

தாராளமா பண்ணலாம். ஆனா ஒரு வார்த்தைய அழுத்திக் காட்டறதுக்காக மட்டும் வேண்டாம்ங்கறது என் கட்சி.

இங்கிலீஷ்ல பேச்சோட அழுத்தத்த பேப்பர்ல காட்ட வார்த்தைய சாய்ப்பாங்க. நமக்கு அந்த வேலைய மொழியே செஞ்சு குடுத்துடுது. "நான் நேத்து கடைக்குப் போனேன்"ங்கறத எடுத்துக்கங்க. நான்தான் போனேன், நேத்தே போனேன், கடைக்குத்தான் போனேன், ஒரு 'தான்' ஒரு 'ஏ' போட்டா முடிஞ்சுது, அதுவும் பத்தலன்னா "கடைக்குப் போனது நான்"னு திருப்பிப் போடுங்க, இன்னும் ஓங்கி விழும். இதுக்கு மேல சாய்ச்சும் வெச்சா படிக்கறவங்க காதுல கத்துற மாதிரி ஆயிடும்.

பஸ், காபி மாதிரி வார்த்தைகள சாய்க்கறதும் எனக்குப் பிடிக்காது. தினமும் வாயில வர்றத ஏன் தனியா நிக்க வெக்கணும்?

சரி, எங்கதான் யூஸ் பண்றது? இந்த எழுத்து பொறந்த கதையிலயே பதில் இருக்கு. 1501ல வெனிஸ்ல ஆல்டஸ் மனுஷியஸ்னு ஒரு அச்சகக்காரர் பழைய ரோமானியக் கவிஞர் வெர்ஜிலோட கவிதைகள முழுக்க சாய்வெழுத்துலயே சின்ன சைஸ் புக்கா போட்டார், அந்த அச்செழுத்த வெட்டிக் குடுத்தவர் ஃபிரான்செஸ்கோ கிரிஃபோ, மாதிரியா எடுத்துக்கிட்டது அன்னிக்குப் படிச்சவங்க கையெழுத்து. அழுத்தம் காட்டற வேலையெல்லாம் பின்னாடி வந்து ஒட்டிக்கிட்டது. அதனால கதைல யாராவது லெட்டர் எழுதினா, டைரி எழுதினா, அங்க சாய்வெழுத்து அவ்ளோ அழகா உக்காரும்!

அடுத்து மைண்ட் வாய்ஸ். அமெரிக்க எழுத்தாளர் ஃபாக்னர் 1929ல வந்த 'தி சவுண்ட் அண்ட் தி ஃப்யூரி' நாவல்ல பென்ஜிங்கற பாத்திரத்தோட நினைப்பு ஒரு காலத்துலேர்ந்து இன்னொரு காலத்துக்குத் தாவற இடங்கள இடாலிக்ஸ்லதான் காட்டினார், கலர் கலரா மை போட்டு அச்சடிக்கணும்னுகூட அவருக்கு ஆசை இருந்துச்சு. நாம சின்னதா விளையாடலாம். அத்தை நிமிர்ந்த எழுத்துல "வாங்க வாங்க, சாப்பிட்டுட்டுத்தான் போகணும்"ங்கறாங்க, அடுத்த வரி சாய்வுல, 'இருக்கற சோறு ரெண்டு பேருக்குத்தானே வரும்'. இப்படியே கதை பூரா ஓட்டிட்டு ஒரே ஒரு இடத்துல சாய்வுல வரவேண்டிய வரிய நிமிர்த்திடுங்க. அத்தை வாய்விட்டுச் சொல்லிட்டாங்க! விளக்கமே தேவையில்ல.

ஆனா ரெண்டு மூணு வரிக்கு மேல வேண்டாம். இங்கிலீஷ் இடாலிக்ஸ்ல எழுத்தோட வடிவமே மாறும், தமிழ்ல பெரும்பாலும் இருக்கற எழுத்தயே சாஃப்ட்வேர் அப்படியே சரிச்சு வெக்குது, நம்ம சுழியும் கொம்பும் சரிஞ்சு நின்னா பாரா கணக்குல படிக்க கண்ணு வலிக்குது. இன்னொன்னு, காப்பி பேஸ்ட் பண்றப்ப சாய்வு பல இடத்துல காணாமப் போயிடும், அதனால எழுதி முடிச்சதும் நோட்பேட்ல ஒட்டிப் படிச்சுப் பாருங்க. யார் பேசறா, யார் நினைக்கறானு அங்கயும் புரியணும், புரியலன்னா வரியத்தான் மாத்தணும்.