தசமபாகம் முதல் வரி, அம்மா எந்த வரி?

கேள்வி: சேலம் ஹஸ்தம்பட்டியில் வாடகை வீட்டில் இருக்கிறோம். எனக்கு 36 வயது, கணவருக்கு 39. அவர் ஒரு தனியார் கம்பெனியில் சூப்பர்வைசர், கைக்கு வருவது 58,000 ரூபாய். நான் பி.எட். முடித்து எட்டு வருஷம் தனியார் பள்ளியில் டீச்சராக இருந்தேன். கடைசியாக வாங்கிய சம்பளம் 16,000. 2021ல் வேலையை விட்டேன். 12, 8, 4 வயதில் மூன்று பிள்ளைகள், நடுவில் பெண். மூவருக்கும் வீட்டிலேயே நான் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். காலையில் குடும்ப ஜெபம், வேதவாசிப்பு, அப்புறம் கணக்கு, தமிழ் என்று எங்கள் நாள் போகிறது. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைச் சபைக்குக் கொடுக்கும் தசமபாகம் தவறுவதில்லை. போன வருஷம் சபைக் கட்டட நிதிக்கு 50,000 கொடுப்பதாகப் பொருத்தனை செய்து, நகையை அடகு வைத்துத்தான் கொடுத்தோம். பழைய பாக்கியும் சேர்ந்து நகைக்கடன் 1,80,000 நிற்கிறது. 'பிள்ளைகளை ஸ்கூலில் போட்டுவிட்டு வேலைக்குப் போ, கடன் தானாக அடையும்' என்கிறார் நாத்தனார். 'இன்சூரன்ஸ் எடுப்பதே அவிசுவாசம்' என்கிறார் சபையில் ஒரு அக்கா. நாங்கள் போகும் வழி தப்பா? எங்கள் மாதக் கணக்கை அனுப்பியிருக்கிறேன். அந்தக் கணக்கை எழுதுவது பெரிய மகன்.

பதில்: முதலில் உங்கள் மகனுக்கு ஒரு சபாஷ். லாங் சைஸ் நோட்டில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, ரூபாயைத் தனிப் பத்தியில் எழுதி, கொத்தமல்லி பத்து ரூபாயைக்கூட விடவில்லை. ஓர் இடத்தில் கூட்டல் தப்பி, அழித்துத் திருத்தியிருக்கிறான். வீட்டில் இருந்தபடியே அவன் கணக்குப் பாடம் படிக்கிறான் என்பதற்கு இதைவிட அத்தாட்சி தேவையில்லை.

அந்தப் பக்கத்தின் முதல் வரி தசமபாகம் 5,800. வாடகை 11,000, மளிகை, பால், காய்கறி, கேஸ் 15,000, கரண்ட், போன், பெட்ரோல் 6,000, மாமனார் மாமியார் மருந்து 3,000, பாடப்புத்தகம் 2,500, நகைச்சீட்டு 5,000, பழைய இன்சூரன்ஸ் பாலிசிகள் 4,200, நகைக்கடன் வட்டி 1,800. மொத்தம் 54,300. மீதி 3,700 கைச்செலவில் கரைகிறது. வங்கியில் 40,000 இருக்கிறது. கம்பெனி கொடுக்கும் மருத்துவக் காப்பீடு தவிர வேறு மருத்துவக் காப்பீடு இல்லை.

இரண்டு தடவை படித்த பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இந்தப் பக்கத்தில் எல்லாரும் இருக்கிறார்கள், நீங்கள் மட்டும் இல்லை. உங்கள் உழைப்புக்கு ஒரு வரி இல்லை. உங்கள் பெயரில் சேமிப்பு இல்லை, பாலிசி இல்லை. நீங்கள் கேட்ட எதையும்விட எனக்கு இதுதான் கவலை.

நாத்தனார் சொன்னதற்கு வருவோம். நீங்கள் விசாரித்த பள்ளியில் மூன்று பேருக்கும் ஃபீஸும் வேனும் சேர்ந்து வருஷம் 1,50,000 என்று எழுதியிருக்கிறீர்கள். மாதத்துக்கு 12,500. 16,000 சம்பளத்தில் அது போக 3,500. அதில் உங்கள் பஸ் செலவு 1,200 கழித்தால் மிஞ்சுவது 2,300. இதற்காகக் காலை ஏழரை மணிக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓட வேண்டுமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். நியாயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும்: வேலை பார்க்கும் பள்ளியிலேயே ஃபீஸ் சலுகை கிடைத்தால் இந்தக் கணக்கு மாறிவிடும். நாத்தனார் அப்படி ஒரு இடத்தை மனதில் வைத்துப் பேசியிருந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதிய எண்களை வைத்துப் பார்த்தால், வீட்டில் இருப்பதால் குடும்பம் இழப்பது பதினாறாயிரம் இல்லை, இரண்டாயிரத்துச் சொச்சம்தான்.

அப்படியானால் வீட்டில் இருப்பதால் இழப்பே இல்லையா? இருக்கிறது, அது வேறு இடத்தில் இருக்கிறது. வேலையை விட்ட அன்று உங்கள் பி.எஃப். நின்றுபோனது. அந்த எட்டு வருஷப் பணம் எங்கே? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பழைய சம்பளச் சீட்டு இருந்தால் எடுத்துப் பாருங்கள். அதில் பி.எஃப். பிடித்திருந்தால் யு.ஏ.என். என்ற உங்கள் பி.எஃப். உறுப்பினர் எண்ணும் இருக்க வாய்ப்பு உண்டு. பணம் அப்படியே இருந்தால் அதற்கு வட்டியும் சேர்ந்துகொண்டிருக்கும். 2024-25ஆம் ஆண்டுக்கு 8.25 சதவீதம். ஆதாரை இணைத்து, நாமினி பெயரைச் சரிபார்த்து, அப்படியே விட்டுவிடுங்கள். 12 சதவீத வட்டிக் கடனை வைத்துக்கொண்டு 8.25 சதவீதப் பணத்தைத் தொடாதே என்கிறாரே என்று கணக்கு தெரிந்தவர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். வரட்டும். அந்த வீட்டில் உங்கள் பெயரில் இருக்கக்கூடிய ஒரே பணம் அது.

தசமபாகத்தில் நான் கை வைக்க மாட்டேன். அது உங்களுக்கும் கர்த்தருக்கும் நடுவில் உள்ள விஷயம். முதல் வரியிலேயே எழுதி, மிச்சத்தில் குடும்பம் நடத்துகிற வீடுகளில் செலவு ஒரு கட்டுக்குள் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். பொருத்தனைக்கு அடகு வைத்தது வேறு விஷயம். அது உங்கள் காணிக்கை மாதிரி எனக்குத் தெரியவில்லை. வட்டிக்கடைக்காரர் காசை வாங்கிச் சபைக்குக் கொடுத்துவிட்டு, வட்டியை நீங்கள் கட்டுகிறீர்கள். இனிமேல் இப்படி ஒன்று வந்தால் போதகரிடம் நேராகப் போய், 'மாதம் ஆயிரமாகத் தருகிறோம் ஐயா' என்று சொல்லுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார். வரிச்சலுகையையும் எதிர்பார்க்காதீர்கள். சபைக்குக் கொடுக்கும் தசமபாகத்துக்குப் பொதுவாக நன்கொடைக்கான வரிக்கழிவு கிடையாது, புதிய வரிமுறையில் அந்தக் கழிவே இல்லை. உங்கள் வீட்டுக்காரர் சம்பளத்துக்குப் புதிய முறையில் வரியே வராது என்பதால் அதை விட்டுவிடலாம்.

இன்சூரன்ஸ் அவிசுவாசம் என்ற அக்காவுக்கு என் பதில் ஒரு கதை. அது அவருக்கே தெரிந்த கதைதான். வேதாகமத்தில் எலிசா தீர்க்கதரிசியிடம் ஒரு விதவை வந்து அழுகிறாள். அவள் கணவன் தீர்க்கதரிசிகளின் கூட்டத்தைச் சேர்ந்தவன், கர்த்தருக்குப் பயந்தவன். ஆனால் கடன் வைத்துவிட்டுச் செத்துப்போனான். கடன்காரன் அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் அடிமையாகக் கொண்டுபோக வந்து நிற்கிறான். அவன் பக்திக்கு யாரும் குறை சொல்ல முடியாது, இருந்தும் கடன்காரன் வாசலுக்கு வந்தான். அவள் வீட்டில் இருந்த ஒரு குடம் எண்ணெய் அற்புதமாகப் பெருகிப் பாத்திரங்களை நிரப்புகிறது. அப்போது எலிசா அவளிடம் சொன்னதையும் கவனியுங்கள்: எண்ணெயை விற்றுக் கடனைத் தீர், மிச்சத்தில் நீயும் பிள்ளைகளும் பிழையுங்கள். அற்புதம் நடந்த பிறகும் வரவுசெலவு பார்க்கத்தான் சொல்கிறார்.

ஆகவே முதல் வேலை, உங்கள் வீட்டுக்காரர் பெயரில் ஒரு கோடி ரூபாய்க்கு டேர்ம் பாலிசி, அவருடைய 60 வயது வரை. அதற்குள் அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் வரும் பாலிசி இது. புகைப்பழக்கம் இல்லை, உடல்நிலை நன்றாக இருக்கிறது என்றால் மாதம் சுமார் 2,000 ரூபாய் அளவில் வரும், கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் கூடும், குறையும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவப் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. விண்ணப்பம் போடும்போதே 1874ஆம் வருஷத்து திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் வேண்டும் என்று கேளுங்கள். அப்படி எடுத்தால் அந்தப் பணம் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் உரியது, அவருடைய கடன்காரர்கள் அதில் கை வைக்க முடியாது. பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட முடியாது, எடுக்கும்போதே செய்தாக வேண்டும்.

இரண்டாவது பாலிசி உங்கள் பெயரில், 25 லட்சத்துக்கு. 'சம்பாதிக்காத எனக்கு எதற்கு?' என்று கேட்பீர்கள். உங்களுக்கு ஒன்று ஆகிவிட்டால் அடுத்த மாதமே மூன்று பேருக்கும் ஃபீஸ், வேன், சமையலுக்கு ஆள், சின்னவனைப் பார்த்துக்கொள்ள ஆள். பள்ளிச்செலவு 12,500ஐ ஏற்கெனவே பார்த்துவிட்டோம், மற்றதையும் கூட்டினால் உங்கள் வீட்டுக்காரர் சம்பளம் பாதி வரை போகும். இல்லத்தரசிக்கு டேர்ம் பாலிசி தரும்போது கணவரின் வருமானம், அவருடைய பாலிசி, உங்கள் படிப்பு எல்லாம் கேட்பார்கள். அதனால் அவருடையதை முதலில் முடியுங்கள்.

மூன்றாவது, ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரு மருத்துவ ஃப்ளோட்டர். கம்பெனி காப்பீடு வேலை இருக்கும்வரைதான் கூட வரும்.

பணம் எங்கிருந்து வரும்? நகைச்சீட்டைப் பாருங்கள். ஒரு கையால் நகையை அடகு வைத்து வட்டி கட்டுகிறீர்கள், மறு கையால் நகை வாங்கச் சீட்டுக் கட்டுகிறீர்கள். இதைச் செய்யாத வீடு சேலத்தில் குறைவு என்பதால் சிரிக்கவும் முடியவில்லை. நடக்கிற சீட்டை முடித்துவிடுங்கள், அடுத்ததில் சேராதீர்கள். 4,200 கட்டும் பாலிசிகளின் மொத்தக் காப்பு ஆறு லட்சம்தான். மூன்று வருஷத்துக்கு மேல் கட்டியிருந்தால் பொதுவாக அவற்றைப் பெய்ட்-அப் ஆக்கலாம், இனிமேல் கட்ட வேண்டாம், சேர்ந்தது முதிர்வில் வரும். டேர்ம் பாலிசி கைக்கு வரும்வரை மட்டும் இவற்றை நிறுத்தாதீர்கள். இந்த வரிசை மாறக்கூடாது.

புத்தகச் செலவில் வெளிநாட்டு வீட்டுக்கல்வித் தொகுப்புகள் பெரும்பங்கு என்று தெரிகிறது. தமிழ்நாடு பாடநூல்களும் என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்களும் இணையத்தில் இலவசம். வேதபாடத்துக்கு மட்டும் அந்தத் தொகுப்பை வைத்துக்கொண்டு, மற்றதை உங்களைப் போன்ற இரண்டு மூன்று குடும்பங்கள் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் ஆயிரம் ரூபாய் மிஞ்சும். ஒரு நாள் மூன்று பேரையும் ஏற்காட்டுக்குக் கூட்டிப்போய் அங்குள்ள ஆர்க்கிட் தோட்டத்தைக் காட்டுங்கள். தாவரவியலை எந்தத் தொகுப்பும் அப்படிச் சொல்லித் தராது.

சீட்டு 5,000, பாலிசி 4,200, புத்தகம் 1,000, ஆக 10,200. மூன்று காப்பீட்டுக்கும் சேர்த்து 4,500 போகட்டும். மகள் பெயரில் செல்வமகள் சேமிப்புக் கணக்குக்கு 1,000. பத்து வயது முடிவதற்குள் தொடங்க வேண்டும், அவளுக்கு எட்டுதான், நேரம் இருக்கிறது. 2024 ஜனவரியிலிருந்து வட்டி 8.2 சதவீதம். 18 வயதுக்கு மேல் மேற்படிப்புக்குப் பாதி வரை எடுக்கலாம். மீதி 4,700 நகைக்கடனின் அசலுக்கு, 1,800 வட்டியோடு சேர்த்து மாதம் 6,500 கட்டினால் இரண்டே முக்கால் வருஷத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும். வங்கியில் இருக்கும் 40,000 அப்படியே இருக்கட்டும்.

பெரியவன் விஷயத்தில் பதற்றம் வேண்டாம். 14 வயதில் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். பதிவு ஐந்து வருஷம் செல்லும், பொதுத்தேர்வு வருஷத்தில் இரண்டு தடவை. செலவு பள்ளி ஃபீஸோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. பெரிய செலவு கல்லூரியில்தான். கடன் முடிந்த மாதமே அந்த 6,500 அப்படியே மாதாமாதம் கட்டும் ஆர்.டி. சேமிப்புக்குத் திரும்ப வேண்டும்.

கடைசியாக உயில். சில வருஷங்களுக்கு முன் ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஒரு கிறிஸ்தவக் குடும்பம், மூன்று ஏக்கர் காபி, சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி. கணவர் மாரடைப்பில் போய்விட்டார். பிஸ்கட் டப்பா நிறைய ரசீதுகளோடு அந்த அம்மா என் எதிரில் உட்கார்ந்து, 'எல்லாம் எனக்குத்தானே சார் வரும்?' என்று கேட்டார். வரவில்லை. உயில் இல்லாமல் இறக்கும் கிறிஸ்தவருக்கு 1925ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான். பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு. பிள்ளைகள் மைனர் என்பதால் அவர்கள் பங்கை விற்கவோ அடகு வைக்கவோ நீதிமன்ற அனுமதி வேண்டும். பறிப்புக் கூலி கொடுக்கக்கூட அந்த அம்மா அண்ணனிடம் கைமாற்று வாங்கினார்.

உங்களுக்குத் தோட்டம் இல்லை, ஆனால் மாமனார் வீடு ஒரு நாள் உங்கள் வீட்டுக்காரர் பெயருக்கு வரலாம். அவருடைய பி.எஃப். நாமினியையும் பாருங்கள். கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரைக் கொடுத்திருந்தால் கல்யாணத்தோடு அது செல்லாமல் போயிருக்கும், புதிதாகக் கொடுக்க வேண்டும். உயிலை வெள்ளைத்தாளிலேயே எழுதலாம், முத்திரைத்தாள் வேண்டாம். இரண்டு பேர் பார்க்க அவர் கையெழுத்துப் போட வேண்டும், அந்த இருவரும் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். உயிலில் பங்கு பெறுகிறவரோ அவருடைய கணவனோ மனைவியோ சாட்சி போட்டால் அந்தப் பங்கு போய்விடும். அதனால் நீங்கள் போடாதீர்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகரையும், இன்சூரன்ஸ் வேண்டாம் என்ற அந்த அக்காவையும் கூப்பிடுங்கள். அவருக்கு அதில் பங்கு ஏதும் இல்லை, சாட்சிக்குப் பொருத்தமான ஆள்தான்.