சொந்தத் தொழில், சின்ன ஊர், மருத்துவக் காப்பீடு: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: டெக்சஸில் ஒரு சிறிய கவுண்டியில் கடை எடுத்து நடத்துகிறோம். கிரீன் கார்டு இருக்கிறது, இரண்டு பிள்ளைகள். கணவர் வேலையை விட்டுவிட்டதால் கம்பெனி காப்பீடு இந்த மாதத்தோடு முடிகிறது. மார்க்கெட்பிளேஸ் (அரசு நடத்தும் காப்பீட்டுச் சந்தை) விண்ணப்பத்தில் வருமானம் கேட்கிறார்கள். மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும் தொழிலில் எந்தத் தொகையை எழுதுவது?

பதில்: முதலில் தேதி. காப்பீடு முடிந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் ஹெல்த்கேர் டாட் கவ் தளத்தில் திட்டம் எடுத்தாக வேண்டும். தவறவிட்டால் நவம்பர் 1 வரை கதவு திறக்காது. அப்போது எடுத்தாலும் ஜனவரியில்தான் தொடங்கும். முடிவதற்கு முன்பே விண்ணப்பிக்கலாம். எனவே இந்த மாதமே தேர்வு செய்து முதல் பிரீமியத்தையும் கட்டிவிடுங்கள், அடுத்த மாதம் 1-ஆம் தேதியே தொடங்கிவிடும்.

எழுத வேண்டியது கல்லாவில் விழும் பணம் அல்ல, ஆண்டு முழுவதற்குமான நிகர வருமானம். கணவர் இதுவரை வாங்கிய சம்பளத்தோடு கடை லாபத்தைக் கூட்டுங்கள். லாபம் என்றால் சரக்கு, வாடகை, ஆள் கூலி, தேய்மானம் எல்லாம் போக ஷெட்யூல் சி என்ற தொழில் வரிப் படிவத்தின் அடியில் நிற்கும் தொகை. அதிலிருந்து சுயதொழில் வரியில் பாதியையும், செப்-ஐஆர்ஏ போன்ற ஓய்வூதியக் கணக்கில் போடுவதையும் கழிக்கலாம். தளம் ஆதாரம் கேட்டால் பயப்பட வேண்டாம். மாதவாரியாக வரவு, செலவு, மிச்சம் எழுதிய ஒரு தாளை ஏற்றுக்கொள்வார்கள். ஆனால் கேட்ட 90 நாளுக்குள் அனுப்பாவிட்டால் பிரீமியத்தில் அரசு ஏற்கும் மானியம் குறையும், அல்லது நின்றுவிடும்.

2026-இல் நால்வர் குடும்பத்துக்கு மானியம் பெறும் வருமான எல்லை 1,28,600 டாலர். முந்தைய சில ஆண்டுகளில் இருந்த கூடுதல் மானியம் 2025 முடிவோடு காலாவதியாகிவிட்டது. எனவே எல்லையை ஒரு டாலர் தாண்டினாலும் மானியம் மொத்தமும் போகும். ஆண்டு முழுக்க வாங்கியதை வரி தாக்கல் செய்யும்போது திருப்பிக் கட்ட வேண்டும். குறைந்த வருமானக்காரர்கள் திருப்பித் தர வேண்டிய தொகைக்கு முன்பு ஓர் உச்சவரம்பு இருந்தது, 2026 முதல் அதுவும் இல்லை. டிசம்பரில் ஒருமுறை கணக்குப் பாருங்கள். கொஞ்சம் தாண்டுவதாகத் தெரிந்தால் செப்-ஐஆர்ஏ கைகொடுக்கும். அதில் அடுத்த ஆண்டு வரி தாக்கல் செய்யும் கெடு வரை பணம் போட்டு, இந்த ஆண்டு வருமானத்தைக் குறைக்கலாம்.

எதிர்ப்பக்கமும் ஒரு பள்ளம் உண்டு. புதுக் கடையில் முதல் ஆண்டுச் செலவையெல்லாம் கழித்து மதிப்பீடு 32,150 டாலருக்குக் கீழே போனால் மானியமே கிடையாது. டெக்சஸ், ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்டை விரிவாக்காத மாநிலம் என்பதால் உங்கள் நிலையில் இருக்கும் பெரியவர்களுக்கு அதுவும் பெரும்பாலும் கிடைக்காது.

வருமானம் 80,375 டாலருக்குள் இருந்தால் முதலில் சில்வர் நிலைத் திட்டங்களைப் பாருங்கள். டிடக்டிபிளை, அதாவது காப்பீடு பணம் தரத் தொடங்கும் முன் நீங்களே கட்ட வேண்டிய தொகையை, குறைத்துத் தரும் சலுகை சில்வரில் மட்டும்தான் ஒட்டும். வருமானம் குறையக் குறைய அது பெரிதாகும்.

கேள்வி: எங்கள் ஊரில் இருப்பது ஒரே மருத்துவமனை. அடுத்தது 70 மைல். எந்தத் திட்டம் எடுப்பது?

பதில்: பிரீமியத்தைப் பார்ப்பதற்கு முன் அந்த மருத்துவமனையைப் பாருங்கள். நெட்வொர்க்கில், அதாவது திட்டத்தோடு ஒப்பந்தம் உள்ள மருத்துவமனை, டாக்டர் பட்டியலில், அது இல்லாத மலிவுத் திட்டம் உங்களுக்கு மலிவே அல்ல. உங்கள் ஜிப் கோடு இரண்டு கவுண்டிகளில் படர்ந்திருந்தால் தளம் எந்தக் கவுண்டி என்று கேட்கும். வீடு இருக்கும் கவுண்டியைச் சரியாகக் கொடுங்கள், திட்டப் பட்டியலே மாறிவிடும்.

பிறகு மருத்துவமனையின் பில்லிங் பிரிவுக்கு ஃபோன் போடுங்கள். "இந்தக் கம்பெனியை எடுத்துக்கொள்கிறீர்களா?" என்று கேட்டால் "ஆமாம்" என்பார்கள், அந்தப் பதிலால் பயனில்லை. ஒரே கம்பெனிக்குப் பல நெட்வொர்க்குகள் உண்டு. திட்டத்தின் முழுப் பெயரையும் ஆண்டையும் வாசித்துக் கேளுங்கள். பதில் சொன்னவர் பெயர், தேதி, நேரம் மூன்றையும் குறித்து வையுங்கள். நீங்கள் வழக்கமாகப் பார்க்கும் டாக்டருக்கும் லேபுக்கும் தனித்தனியே கேட்க வேண்டும்.

அவசரச் சிகிச்சைக்கு நெட்வொர்க் பார்க்க வேண்டியதில்லை. 2022 முதல் நடப்பில் உள்ள மத்தியச் சட்டப்படி எந்த எமர்ஜென்சிக்குப் போனாலும் நெட்வொர்க் கணக்கில்தான் உங்கள் பங்கு. ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸுக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. சாலையில் ஓடும் ஆம்புலன்ஸை அந்தச் சட்டம் விட்டுவிட்டது. சில மாநிலங்களில் மட்டும் தனிச் சட்டம் இருக்கிறது. 70 மைல் தள்ளி இருப்பவர்கள் ஆம்புலன்ஸ் பற்றிய பகுதியைத் திட்ட ஆவணத்தில் கட்டாயம் தேடிப் படிக்க வேண்டும்.

கேள்வி: மார்க்கெட்பிளேஸ் விலையில் பாதிக்கு ஒரு திட்டம் தருவதாக ஃபோன் வருகிறது. வாங்கலாமா?

பதில்: அவர்கள் உங்கள் சர்க்கரை, பிபி பற்றி விசாரித்தார்களா? மார்க்கெட்பிளேஸ் திட்டம் எதுவும் உடல்நிலையைக் கேட்டு விலை வைக்காது. வயது, ஊர், குடும்ப அளவு, புகையிலைப் பழக்கம் இவ்வளவுதான். நோய் பற்றிக் கேட்டாலே அது குறுகியகாலத் திட்டமாகவோ, படுக்கைக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுக்கும் திட்டமாகவோ, செலவைப் பகிரும் குழுவாகவோ இருக்கலாம். பழைய நோய்க்குக் கைவிரிக்க அவற்றுக்கு உரிமை உண்டு. அதைவிட மோசம், ஆண்டின் நடுவே ஏமாற்றம் தெரிந்து வெளியே வந்தாலும் அந்தக் காரணத்தால் மார்க்கெட்பிளேஸில் நுழைய முடியாது. மறுபடி நவம்பர்தான்.

துணை தேவையென்றால் 1-800-318-2596 எண்ணில் மார்க்கெட்பிளேஸையே அழையுங்கள். உரிமம் பெற்ற உள்ளூர் ஏஜென்டையும் அந்தத் தளத்திலேயே தேடலாம். அவருக்குக் கமிஷன் கம்பெனி தருகிறது, நீங்கள் எதுவும் தர வேண்டியதில்லை.

கேள்வி: கணவரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில், வேலை அனுமதி பெற்று வீட்டிலிருந்தே தொழில் செய்கிறேன். மானியம் உண்டா?

பதில்: 2026-க்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் கணவரின் கம்பெனி உங்களையும் சேர்த்துத் தரும் காப்பீட்டுக்கு நீங்கள் கட்ட வேண்டிய பிரீமியம் குடும்ப வருமானத்தில் 9.96 சதவீதத்துக்குள் அடங்கினால் கிடையாது. 2027 ஜனவரி முதல் எச்-4 உட்படப் பல விசாக்காரர்களுக்கு மானியம் நிற்கிறது. முழு விலை கொடுத்து வாங்கத் தடையில்லை.